மூச்சு பேட்டரி

என் மச்சினன் முதலில் உடைத்தது என் வோல்ட் மீட்டரை. பேட்டரியில் மாட்டியிருந்த இரண்டு கம்பிகளோடும் அதைப் பிடுங்கி வேன் ஜன்னல் வழியாக வீசினான். அது ஏலச்செடிகளுக்கு மேலே பறந்து ஒரு பலா மரத்தில் மோதி மூன்று துண்டாக விழுந்தது. நான் மூன்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் அதில் பெரிய துண்டை எடுத்து மறுபடியும் வீசினான்.

"இந்த எழவெடுத்த பொட்டி எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கு மச்சான். எங்கக்காவுக்கு மூச்சு நின்னுக்கிட்டே இருக்கு" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அன்று விடியும் நேரத்தில் என் மனைவி செத்துப் பிழைத்திருந்தாள்.

அவளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் வியாதி. சாதாரணக் குறட்டை என்று முப்பது வருடம் நினைத்திருந்தோம். தேனியில் ஒரு டாக்டர் அவளை ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, மணிக்கு முப்பத்தோரு தடவை மூச்சு நிற்கிறது என்றார். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி மாட்டி விடியவிடியக் காற்றைத் தள்ளும் சின்ன மெஷின் ஒன்றை எழுதிக்கொடுத்தார். அது இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது, இருதயம் தாங்காது என்றும் சொல்லி அனுப்பினார். போடி வீட்டில் சிக்கல் இல்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. சிக்கல் எல்லாம் மேலே, மலை உச்சி மேட்டைத் தாண்டி இறங்கினால் வரும் ஏலத்தோட்டத்தில்தான். அந்தத் தோட்டம் அவளுடையது, அவள் அப்பா கொடுத்தது. காய் எடுக்கும் மாதங்களில் அவள் அங்கே இல்லாவிட்டால் பழுக்காத காயையும் சேர்த்துப் பறித்துவிடுவார்கள் என்பது அவள் நம்பிக்கை. அங்கே கரண்ட் லைன் கிடையாது. இருந்த தகரக் கொட்டகையைப் போன காற்றுமழை தூக்கி எறிந்து, அதன் ஒரு தகடு ஒரு கன்றுக்குட்டியின் காலை வெட்டிவிட்டது.

அதனால்தான் அந்த வேனை வாங்கினோம். சுற்றுலா ஆட்களை ஏற்றி இறக்கிக் களைத்துப்போன வேன். பட்டறையில் பன்னிரண்டு சீட்டுகளில் பத்தைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு விளக்கு வைத்துக் கொடுத்தார்கள். கட்டிலுக்குக் கீழே தனியாக ஒரு பெரிய பேட்டரி. இஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பக்கம் இருப்பது வண்டியின் பேட்டரி. கட்டிலுக்குக் கீழே இருப்பது மூச்சு பேட்டரி. எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். வண்டி ஓடும்போது இஞ்சினிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏறும். வண்டி நின்றால் ஒரு ரிலே இரண்டு பேட்டரியையும் பிரித்துவிடும். பழுது பார்க்கும்போது சார்ஜ் லைனைத் துண்டிப்பதற்காக ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச்சும் உண்டு. ஏற்பாடு சரியாகத்தான் இருந்தது. நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். வயரிங்கைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் அளந்து பார்த்த பிறகுதான் வேனைக் கேட்டுக்கு வெளியே எடுக்க விட்டேன்.

வண்டியை ஓட்டுவது மச்சினன். முப்பது வருடம் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பு ஓட்டியவன். கைகள் உலக்கை மாதிரி இருக்கும். கோபம் வந்தால் எதிரே இருப்பது மனிதனா கதவா என்று பார்க்க மாட்டான். அக்கா என்றால் உயிர்.

இரண்டு ராத்திரி மேலே தங்குவது, ஒரு நாள் கீழே இறங்கி வருவது, மறுநாள் ஏறுவது. இதுதான் எங்கள் முறை. போடியில் எங்கள் தெரு குறுகல். வேன் உள்ளே வராது. ஒரு காலி மனையில் நிற்கும். அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. ஆக, மூச்சு பேட்டரிக்கு ஓட்டத்தில் ஏறும் சார்ஜ்தான் கதி. போடியிலிருந்து தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். கணக்குப்படி அது இரண்டு ராத்திரிக்குப் போதும். கணக்குப்படி ஏற வேண்டியது ஏறவில்லை. முதல் மாதமே இரண்டாவது ராத்திரிகளில் மெஷின் விட்டுவிட்டு ஓடியது. அடுத்த மாதம் முதல் ராத்திரியிலேயே நின்றது.

மீட்டர் உடைந்த அன்றைக்கு, மெஷின் நின்ற பிறகும் முகமூடி அவள் முகத்தில் இறுகியே இருந்திருக்கிறது. காற்று வராத முகமூடி என்பது வாயில் அமுக்கிய தலையணைதான். தூக்கத்திலேயே அவள் அதைப் பிய்க்கப் பார்த்து, தன் கன்னத்தைத் தானே கீறிக்கொண்டிருக்கிறாள். முன்சீட்டில் படுத்திருந்த மச்சினன் அந்தச் சத்தத்தில் எழுந்து, அக்காவின் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தான். வெளியே பாய் விரித்திருந்த நான் ஓடிவருவதற்குள் ஆறு அறை விழுந்துவிட்டது. அவள் கண்ணைத் திறந்து, மூச்சை ஒரு இழுப்பு இழுத்து, எழுந்து உட்கார்ந்தாள். வந்த முதல் மூச்சிலேயே அவனை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். வளையல் உடைந்து அவன் காதைக் கிழித்தது. அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். அதற்கும் பிறகுதான் நான் மீட்டரை எடுத்துக் கம்பிகளை மாட்டினேன். இஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். பதினான்கு புள்ளி ஒன்று காட்டியது. சார்ஜ் நன்றாக ஏறுகிறது என்று சொன்னேன். ஜன்னல் வழியாகப் போனது மீட்டர்.

இனி அவளை மேலே தங்க விடுவதில்லை என்று நான் சொன்னேன். தங்காவிட்டால் இந்த வருடத்தோடு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான், அதற்குப் பதில் மூச்சு நின்றே போகலாம் என்று அவள் சொன்னாள். பேட்டரியைச் சரி செய்ய ஒரு மாதம் கேட்டேன். கொடுத்தாள். ஆனால் அந்த மாதமும் மேலே வருவதை அவள் நிறுத்தவில்லை; மெஷின் நின்ற ராத்திரிகளில் விழித்தே உட்கார்ந்திருந்தாள்.

அந்த மாதம் முழுவதும் அடிதடிதான். பேட்டரியைச் சோதிக்கக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். இருபத்தேழு கிலோ. தள்ளுவண்டியில் வைக்கலாம் என்றேன். மச்சினன் அதைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான். மூடி சரியாக இறுகவில்லை. ஆசிட் முதுகில் வழிந்து சட்டை தேங்காய்த்துருவல் மாதிரி உதிர்ந்தது. கடை வாசலுக்குப் போவதற்குள் அவன் வெற்றுடம்போடு ஆடிக்கொண்டிருந்தான். நான் ஒரு டீக்கடைக் குடத்தைப் பிடுங்கி அவன் மேல் ஊற்றினேன். டீக்கடைக்காரர் என் சட்டையைப் பிடித்தார். மச்சினன் எரிச்சலோடு எரிச்சலாக டீக்கடைக்காரரைப் பிடித்துத் தள்ளினான்.

பேட்டரிக் கடைக்காரர் ஒரு சோதனைக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரியில் ஒரு குறையும் இல்லை, சார்ஜ்தான் இல்லை, பட்டினி கிடக்கிறது என்றார். பட்டினி என்ற சொல் மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. நான் எங்கக்காவைப் பட்டினி போடுறேன்னா சொல்ற என்று கேட்டுக் கண்ணாடி மேசையில் குத்தினான். நான்கு தையல். ஊசி போட்ட நர்சம்மாவிடமும் சண்டை.

நான் என் பங்குக்கு எல்லாவற்றையும் பார்த்தேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சோடா உப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தேன். ஃபியூசை மாற்றினேன். எர்த் கம்பியைக் கழற்றி, அடியில் இருந்த பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி மறுபடி முடுக்கினேன். அதைச் செய்யும்போது ஸ்பானர் வழுக்கி என் முன்மண்டையில் அடித்தது. ரிலேயைக் கழற்றிக் கையில் வைத்து எத்தனை தடவை போட்டாலும் டக் என்று பேசியது. புது மீட்டர் வாங்கினேன். வண்டி நிற்கும் இடத்தில் இஞ்சினைக் கிளப்பி அளந்தால் ஒவ்வொரு தடவையும் பதினான்கு. போடியில் பதினான்கு, தோட்டத்தில் பதினான்கு. ஒன்றரை மணி நேரம் ஓடி வந்து இறங்கியதும் இஞ்சினை நிறுத்தி அளந்தால், புறப்பட்டபோது இருந்ததைவிட அரைக்கால் வோல்ட்தான் கூட.

சூரியத் தகடு போடலாம் என்றார்கள். ஏலம் நிழலில் வளர்கிறது. எங்கள் தோட்டத்தில் வெயில் தரையைத் தொடுவது அபூர்வம். அங்கேயே தினமும் இரண்டு மணி நேரம் இஞ்சினை ஓட விடலாம் என்றார்கள். அந்தப் புகையில் அவளுக்கு இருமல் வந்து பகலிலும் மூச்சு முட்டியது.

நான் பார்க்காதது ஒன்றே ஒன்று. ஓடும் வண்டியில் உட்கார்ந்து அளக்கவில்லை. மச்சினன் ஓட்டும் வண்டியில் நான் ஏறுவதில்லை. ஒரு தடவை அவன் ஜீப்பு ஒரு காட்டுப்பன்றியை மோதி, நிறுத்தாமல் முப்பது அடி இழுத்துக்கொண்டு போனது. பின்சீட்டில் இருந்த நான் அதன் அலறலை முழுக்கக் கேட்டேன். அன்றிலிருந்து பதினோரு வருடம் எனக்கு பஸ்சுதான். அவனும் அக்காவும் வேனில் போவார்கள். நான் பஸ்சில் ஏறி, மேட்டில் இறங்கி, அங்கிருந்து நடப்பேன்.

மாதக் கெடு முடியும் வாரத்தில், இறங்கும் நாளன்று வேனின் பின்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மச்சினன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், பஸ்சு செத்துப்போச்சா" என்றான். கட்டில் பலகையைத் தூக்கி, பேட்டரி முனைகளில் மீட்டரின் கம்பிகளை மாட்டி, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். அக்காவும் தம்பியும் முன்னால். மேலே இருந்த இரண்டு ராத்திரியும் அவள் சரியாகத் தூங்காததால் கழுத்து நிற்காமல் தொங்கியது.

வண்டி கிளம்பியதும் பதினான்கு. தோட்டத்துப் பாதை முடிந்து மேட்டுக்கு ஏறும் இடத்தில் அது சட்டென்று பன்னிரண்டு புள்ளி மூன்றுக்கு விழுந்தது. இஞ்சின் வெறி பிடித்த மாதிரி கத்திக்கொண்டிருக்கிறது, சார்ஜ் இல்லை. கம்பிகளைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். அதே பன்னிரண்டு புள்ளி மூன்று. ஏற்றம் முழுக்க அதுதான். மேட்டின் உச்சிக்கு வந்ததும், யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி, பதினான்கு. நான் ஒரு மூச்சு விடுவதற்குள் இஞ்சின் சத்தமே இல்லாமல் போனது.

பழுதாகி நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வண்டி நிற்கவில்லை. காற்று ஜன்னலில் அறைந்தது. டயர் மட்டும் தாரைக் கடிக்கும் சத்தம். மச்சினன் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான். அவன் வலது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. சாவியைத் திருப்பி அணைத்த இடது கை இன்னும் சாவிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பதினேழு கொண்டை ஊசி வளைவு. பள்ளத்தாக்கில் போடும் கல் மாதிரி எங்களை அவன் போட்டான். முதல் ஐந்தையும் பிரேக்கை வளைவுக்கு ஒரு தடவை அமுக்கித் திருப்பினான். ஆறாவதில் பிரேக் அமுங்கவில்லை. அவனுடைய பழைய ஜீப்பில் பிரேக்கில் காலுக்குத் துணை செய்யும் பூஸ்டர் கிடையாது, இஞ்சின் ஓடினாலும் அணைந்தாலும் காலின் பலம்தான். இந்த வேனில் இஞ்சின் அணைந்தால் ஐந்தாறு தடவை அமுக்குவதற்குள் பிரேக் கல்லாகிவிடும்; எதிரே வண்டி வராதவரை அவன் காலின் பலத்தில் சமாளித்திருக்கிறான். அந்த வளைவில், தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை அடைத்துக்கொண்டு ஒரு ஜீப்பு ஏறி வந்தது.

அவன் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். வண்டி பக்கவாட்டில் போய்த் தடுப்புச் சுவரில் மோதி, அதைத் தேய்த்துக்கொண்டே போனது. இடதுபக்கக் கண்ணாடி வெடித்து உள்ளே கொட்டியது. நான் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் நெற்றியைக் கொடுத்தேன். மீட்டரின் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று உரசி ஒரு நீலப் பொறி அடித்தது. என் கையில் மயிர் கருகிய வாசனை. வேன் ஜீப்பின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

ஜீப்பு டிரைவர் இறங்கினான். மலை மேல்பக்கத்துக்காரன். பாதி மலையாளம். மச்சினனின் பக்கத்துக் கதவைத் திறந்து, சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தான்.

"எந்தா சேட்டா, இஞ்சின் ஆப்பாக்கிட்டா வர்ற. எனக்க வண்டியில பதினாறு பொம்பளைங்க உண்டு."

மச்சினன் பதிலாக அவன் மூக்கில் ஒரு குத்து விட்டான். மூக்கு உடைந்தது எனக்கு வண்டிக்குள்ளேயே கேட்டது. அவன் மச்சினனின் அடிவயிற்றில் முழங்காலைக் கொடுத்தான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துச் சுவரில் மோதி, சாக்கடையில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார்கள். ஜீப்பிலிருந்து பெண்கள் இறங்கிவிட்டார்கள். அதில் வயதான ஒருத்தி கஞ்சித் தூக்குச்சட்டியை வளையத்தில் பிடித்துச் சுழற்றி மச்சினனின் பின்மண்டையில் போட்டாள். கஞ்சியும் ரத்தமும் அவன் கழுத்தில் வழிந்தது. பொம்பளையை அடிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. அவன் கையைத் தொங்கவிட்டு நின்றான். அவள் இன்னும் இரண்டு போட்டாள்.

"சாயங்காலம் எங்களை எண்ணி வாங்கிக்கிறதுக்கு எங்க வீட்டுல ஆளு இருக்குடா" என்றாள்.

நான் நெற்றியைத் துண்டால் அமுக்கிக்கொண்டு, மீட்டரோடு இறங்கினேன். எனக்கு அந்தச் சண்டை எல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. ஏற்றத்தில் அந்தச் சுவிட்ச்சை என்ன செய்கிறாய் என்று மச்சினனிடம் கேட்டேன்.

"ஏத்தத்துல ஆப் பண்ணிருவேன் மச்சான்" என்றான், வாயைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டாவது பேட்டரி லோடு இழுக்கும்ல. அடிவாரத்துல முந்தல்ல அணைச்சா மேட்டுல போட்டுருவேன். ஏசியை அணைக்கிற மாதிரிதான்."

"இறக்கத்துல?"

"இறக்கத்துல எதுக்கு மச்சான் இஞ்சினு? வண்டி தானாப் போகுதுல்ல."

ஏற்றத்தில் சுவிட்ச் இல்லை. இறக்கத்தில் இஞ்சின் இல்லை. ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் பேட்டரிக்குக் கிடைத்தது ஊரிலிருந்து முந்தல் வரையுள்ள சமதளச் சாலையும், தோட்டத்து வாசல் பாதையும்தான். போய்ச் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டு வைத்துவிடுவான். நான் போய் அளப்பேன். பதினான்கு காட்டும்.

நான் அவனிடம், உங்கக்கா கழுத்தை இத்தனை நாளும் நெரித்தது நீதான் என்றேன். சொல்லி முடிக்கவில்லை. அவன் முஷ்டி என் வாயில் விழுந்தது. சாலையில் உட்கார்ந்துவிட்டேன். நாக்கில் ஒரு பல் உருண்டது. இருபத்திரண்டாக இருந்த என் பற்கள் அன்றிலிருந்து இருபத்தொன்று. என்னை எந்த அடியும் அடிக்காத ஜீப்பு டிரைவர், உடைந்த மூக்கோடு, வயசாளியை அடிக்கிறியா என்று கேட்டுக்கொண்டு மறுபடி மச்சினன் மேல் பாய்ந்தான்.

என் மனைவி அப்போதுதான் இறங்கினாள். முகத்தில் கண்ணாடித்தூள் மின்னியது. அவள் யாரையும் விலக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். பேசுவதற்கு முன்னால் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

"அடிச்சுக்கிறதா இருந்தா என்னைய வீட்டுல இறக்கி விட்டுட்டு அடிச்சுக்கங்க. நான் தூங்கி ரெண்டு ராத்திரியாச்சு."

கைகள் எல்லாம் கீழே இறங்கின. வயதான அந்தப் பெண் தூக்குச்சட்டியில் மீதி இருந்த கஞ்சியை என் மனைவியிடம் நீட்டினாள். அவள் வாங்கிக் குடித்தாள்.

இஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறான் என்பது உனக்குத் தெரியுமா என்று அவளிடம் கேட்டேன். தெரியும் என்றாள். சுவிட்ச்சும் தெரியுமாம். முன்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"எங்கப்பா இப்படித்தான் இறங்குவாரு. இந்த மலையில எல்லாரும் இப்படித்தான் இறங்குவாக. நீங்க எங்கிட்டக் கேக்கவே இல்லையே."

மச்சினன் நம்பவில்லை. அணைத்த இஞ்சினுக்கும் அக்காவின் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊருக்குள் நாலு டிரைவர்களிடம் கேட்டு வந்தான். நாலு பேரும் இறக்கத்தில் இஞ்சின் எதுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் மண்டையில் தையல் பிரியாத அடுத்த பயணத்தில் ஒரு தடவை மட்டும் நான் சொன்னபடி ஓட்டச் சம்மதித்தான். சுவிட்ச்சைத் தொடாமல் ஏறினான். மேட்டைத் தாண்டியும் இஞ்சின் ஓடியது. டீசலைத் தெருவில் ஊத்திக்கிட்டுப் போறோம் என்று வழி முழுக்கப் பல்லைக் கடித்தான். தோட்டத்துக்குப் போய் நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிட்டு அளந்தேன். பன்னிரண்டு புள்ளி ஏழு, வயிறு நிறைந்த பேட்டரியின் எண். அதுவரை நான் அந்த எண்ணை அந்தப் பேட்டரியில் பார்த்ததே இல்லை. மறுநாள் காலையில் பன்னிரண்டு புள்ளி நான்கு. மெஷின் ஒரு முறைகூட நிற்கவில்லை. அவள் ஏழரை மணி வரை தூங்கினாள். மச்சினன் வேனுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து, உள்ளே மெஷின் இரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் இருமிக்கொண்டு வந்த ஒரு வேலைக்காரரைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான்.

ஆனால் முப்பது வருடக் கை அவன் சொல்வதைக் கேட்காது. மேட்டின் உச்சி வந்தால் அது தானாகச் சாவிக்குப் போகிறது. இரண்டாவது தடவை அணைத்தே விட்டான், அணைத்தது அவனுக்கே தெரியவில்லை. அதனால் நான் இப்போது பஸ்சில் போவதில்லை. முன்னால் அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். சுவிட்ச்சின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்துத் திருகாணி முடுக்கிவிட்டேன். சாவியின் மேல் என் வலது உள்ளங்கையைப் பொத்திவைக்கிறேன்.

இடுக்கமான இடம். அவன் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதெல்லாம் இடது முழங்கை என் விலாவில் இறங்குகிறது. முழங்கை இடத்துக்காகத்தான் இடிக்கிறது என்பது அவன் வாதம். சில வளைவுகளில் இடம் தாராளமாக இருந்தும் இடிக்கிறது. போன வாரம் இறங்கும்போது பதினேழு வளைவுக்குப் பன்னிரண்டு இடி விழுந்தது. விலாவில் ஒரு கத்திரிக்காய் அளவுக்குக் கறுத்துக் கிடக்கிறது. அவள் சட்டையைத் தூக்கி அதில் வேப்பெண்ணெய் தடவிவிட்டு, கையை மட்டும் எடுத்துராதீங்க என்றாள். பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வலியில் எனக்குத் தூக்கம் இல்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். முதலில் எல்லாம் எங்கே விட்டுப்போகிறது என்று எண்ணுவேன். அன்றைக்கு நடுவில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அறுநூறுக்கு மேல் எண்ணியதாக எனக்கு நினைவும் இல்லை.